சட்டை பாக்கெட்டா, பால் பாக்கெட்டா?

வாரம் ஒரு வார்த்தை

இந்த வார வார்த்தை எனக்குப் பல்பு குடுத்த வார்த்தை. சாதா பல்பு இல்ல, ஆயிரம் வாட்ஸ் பல்பு!

போன செமஸ்டர் ஆரம்பம். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல செமினார், என்னோட டர்ன். ராத்திரி முழுக்க ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி நின்னு பிராக்டீஸ் பண்ணி, இருக்கறதுலயே நல்ல சட்டையா பார்த்து இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு மேடை ஏறியாச்சு. முதல் ஸ்லைடு. தலைப்பைக் கம்பீரமா படிச்சேன்: "பாக்கெட் ஸ்விட்சிங்!"

கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல்: "சட்டை பாக்கெட்டா மச்சி, பேன்ட் பாக்கெட்டா?"

மொத்த கிளாஸும் சிரிச்சுது. மேடமும் லேசா சிரிச்சுட்டாங்க. எனக்கு மட்டும் என்ன ஜோக்னே புரியல. அப்புறம் பக்கத்து பெஞ்ச் தோழி பரிதாபப்பட்டு விளக்கினா. நான் சொன்னது சட்டையில இருக்கற பாக்கெட்டாம். சொல்ல வேண்டியது வேறயாம். வாயை இன்னும் கொஞ்சம் அகலமா இழுத்து, 'பே'வுக்கும் 'பா'வுக்கும் நடுவுல எங்கயோ போய் நிக்கணுமாம்.

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச என் நாக்குக்கு அந்த 'எங்கயோ' எங்க இருக்குன்னு தெரியல. அதுக்கப்புறம் மூணு மாசம் கிளாஸ்ல நான் வாயைத் திறந்தது அட்டெண்டன்ஸுக்கு மட்டும்தான். "பிரசென்ட் மேடம்." அவ்வளவுதான். டவுட் வந்தா கூட கேக்கல. கேக்கணும்னா அந்த வார்த்தையைச் சொல்லணுமே!

ஆனா மனசு ஆறல. 'என்னதான்டா இருக்கு இந்த பாக்கெட்டுக்குள்ள?'ன்னு லைப்ரரில ஒரு பெரிய டிக்ஷனரியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தேன். உள்ள போனா... அடேங்கப்பா!

ஒரு துணைக்கால் தூரம்

முதல்ல என் நாக்கு மேல இருக்கற கேஸை முடிச்சுடுவோம்.

டாக்டர், காலேஜ், ஆபீஸ், காபி. இதெல்லாம் இங்கிலீஷ்ல 'ஆ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவுல நிக்கற ஒரு குட்டிச் சத்தம். தமிழ்ல அதுக்குன்னு ஒரு எழுத்து கிடையாது. அதனால நாம எல்லாத்தையும் 'ஆ'வுல கொண்டு போய் நிறுத்திட்டோம். சட்டை பாக்கெட்டும் அந்த வழியா வந்ததுதான். பால் பாக்கெட்டோட முதல் எழுத்துல இருக்கற சத்தம் வேற. அதுக்கும் தமிழ்ல எழுத்து இல்ல. அதைச் சில வார்த்தையில 'ஏ' ஆக்கினோம் (பேங்க், பேட்டரி), சில வார்த்தையில 'ஆ' ஆக்கினோம். ரெண்டு வார்த்தை ரெண்டு ரோட்டுல கிளம்பி ஒரே பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கின கதை!

அதுக்குள்ள பக்கெட் வேற! ஒரே ஒரு துணைக்காலை எடுத்துட்டா பாக்கெட் பக்கெட் ஆயிடும். நெட்வொர்க்ஸ் படிக்கறவங்களுக்கு இது டபுள் தலைவலி. ஏன்னா பாக்கெட் நெரிசலைக் கட்டுப்படுத்தற ஒரு முறைக்குப் பேரே 'லீக்கி பக்கெட்', அதாவது ஓட்டை பக்கெட். பக்கெட்டுக்குள்ள பாக்கெட் ஊத்தணும். செமினார்ல இந்த டாபிக் எனக்கு வராம இருந்ததே குலசாமி புண்ணியம்.

இப்போ அந்த ரெண்டு பாக்கெட்டோட பூர்வீகத்தைப் பாருங்க. பால் பாக்கெட் வர்றது 'பேக்'குங்கற வார்த்தையில இருந்து. பேக்னா கட்டு, மூட்டை. அது கூட 'எட்' சேந்தா 'குட்டி'ன்னு அர்த்தம். ஆக, குட்டி மூட்டை. சட்டை பாக்கெட் வர்றது 'போக்'ங்கற பழைய வார்த்தையில இருந்து. போக்னா பை. அதுலயும் பின்னாடி அதே குட்டி வால். ஆக, குட்டிப் பை. ஷாம்பூ பாக்கெட்டுக்கு ஸ்டைலா 'சாஷே'ன்னு சொல்றாங்களே, அது பிரெஞ்சு. 'சாக்'னா பை, சாஷேன்னா அதுவும் குட்டிப் பைதான்!

மூணும் குட்டிச் சுமை. சின்னதா ஒண்ணு, உள்ள எதையாவது வைக்கலாம். தமிழ் நாக்கு ரெண்டைச் சேத்துக் கட்டினதுல அப்படி ஒண்ணும் பெரிய தப்பு இல்லையே யுவர் ஆனர்!

நம்ம பேச்சுலயும் எந்த பாக்கெட்னு யாருக்காவது குழப்பம் வந்திருக்கா? பாக்கெட் மணின்னா அப்பா சட்டைப் பையில இருந்து வர்றது. பிக்பாக்கெட்னா அதே பையில இருந்து போறது. பாக்கெட் நாவல்னா ராஜேஷ்குமார். பிஸ்கெட் பாக்கெட்னா ஹாஸ்டல்ல ரூமுக்குள்ள ஒளிச்சு வைக்க வேண்டியது. முன்னாடி இருக்கற வார்த்தையே எல்லாத்தையும் சொல்லிடும்.

ஆள் நிறையாட்டியும் கிளம்பும்!

குட்டி மூட்டைன்னு அர்த்தம் சொன்னா ஏதோ பொரிகடலைப் பொட்டலம் மாதிரி இருக்கு. ஆனா இங்கிலீஷ்ல அது முதல்ல சுமந்த முக்கியமான சரக்கு கடிதம். அரசாங்கக் கடிதக் கட்டைத்தான் பாக்கெட்னாங்க. அதைக் கொண்டு போற கப்பல் பாக்கெட் போட். பிரெஞ்சுக்காரங்க அந்த வார்த்தையை அப்படியே அள்ளி 'பாக்போ'ன்னு ஆக்கிட்டாங்க. அங்க அதுக்குப் பயணிகள் கப்பல்னு அர்த்தம்.

1818 ஜனவரி 5. நியூயார்க்ல இருந்து லிவர்பூலுக்கு 'பிளாக் பால் லைன்' கம்பெனியோட பாக்கெட் கப்பல் ஒண்ணு கிளம்புச்சு. அதுல என்ன விசேஷம்? சொன்ன தேதியில கிளம்புச்சு! அதுவரைக்கும் கப்பலெல்லாம் நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. சரக்கும் ஆளும் நிறையற வரைக்கும், காத்து சரியா அடிக்கற வரைக்கும் கரையிலயே நிக்கும். 'நிறைஞ்சாலும் நிறையாட்டியும் தேதியன்னைக்குக் கிளம்பிடும்'னு சொன்னதுதான் அவங்க செஞ்ச புதுமை.

இன்னொரு காமெடி. பிரிட்டன்ல ஒரு பொருள் 'ஒரு பாக்கெட் ஆச்சு'ன்னு சொன்னா, பணம் எக்கச்சக்கமா செலவாச்சுன்னு அர்த்தம். சம்பளத்தைக் கவர்ல போட்டுக் குடுத்த காலத்துல அந்தக் கவருக்கு 'பே பாக்கெட்'னு பேரு. அமெரிக்காவுல பாக்கெட்னா ஹோட்டல்ல குடுக்கற சர்க்கரை, தக்காளி சாஸ் சைஸுக்குச் சுருங்கிடுச்சு. பிசிக்ஸ்ல 'வேவ் பாக்கெட்' கூட இருக்கு. அதை விளக்கச் சொன்னா பேனாவைக் கீழ வச்சுட்டு நான் கிளம்பிடுவேன்.

கடலூர்ல பொறந்த குட்டிப் பை

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். எங்க வீடு கடலூர் பக்கம். அம்மா வச்சிருக்கறது பெட்டிக்கடை. கடை முகப்புல தோரணம் மாதிரி சரம் சரமா ஷாம்பூ தொங்கும். சின்ன வயசுல அதைப் பிச்சுக் குடுக்கறதுதான் என் டியூட்டி. காலேஜ் சேந்த புதுசுல, "அம்மா என்ன பண்றாங்க?"ன்னு யாராவது கேட்டா 'பிசினஸ்'னு சொல்லிச் சமாளிப்பேன். (அதுக்கு இப்போ வெக்கப்படறேன்.)

அந்தச் சரத்தோட கதை ஆரம்பிச்சதே கடலூர்லதான்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அங்க இருந்த சின்னி கிருஷ்ணன்ங்கறவர், பணக்காரங்க பாட்டில்ல வாங்கற பொருளை ஏழை ஜனமும் வாங்கற மாதிரி குட்டிப் பைல அடைச்சா என்னன்னு யோசிச்சவர். அவரோட மகன்கள் வெல்வெட் ஷாம்பூவை பாக்கெட்ல பிரபலமாக்கினாங்க. அதுல ஒருத்தரான சி.கே.ரங்கநாதன் தனியா பிரிஞ்சு, 1983-ல 15,000 ரூபாய் முதலோட சிக் ஷாம்பூ கம்பெனியை ஆரம்பிச்சார். காலி பாக்கெட் 5 கொண்டு வந்து குடுத்தா ஒரு சிக் பாக்கெட் இலவசம்னு அவர் கொண்டு வந்த திட்டம் கிராமம் கிராமமா பிச்சுக்கிட்டுப் போச்சு. அப்புறம் 50 பைசாவுக்கும் பாக்கெட் வந்துச்சு. இன்னைக்கு அந்தக் கம்பெனி பேரு கெவின்கேர். கோயம்புத்தூர்ல பொறந்த மேனேஜ்மென்ட் பேராசிரியர் சி.கே.பிரகலாத், ஏழைகளைச் சந்தையா பாக்கறதைப் பத்தி 2004-ல எழுதின பிரபலமான புத்தகத்துல இந்த ஒரு வேளை பாக்கெட் வியாபாரத்தையும் அலசியிருக்கார். எம்.பி.ஏ. போறவங்க படிக்கற சமாச்சாரம் எங்கம்மா கடை வாசல்ல தொங்கிட்டு இருந்திருக்கு!

அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டேன்: "பாட்டிலா வாங்கிட்டா மாசம் பூரா வருமே, ஜனங்க ஏன் பாக்கெட்டே வாங்கறாங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "பாட்டில் வாங்கணும்னா மாசத்துக் காசும் இன்னைக்கே கையில இருக்கணும்டா. பாக்கெட்டுக்கு இன்னைக்குக் காசு போதும். இங்க வர்றவங்களுக்கு இன்னைக்குதானே கூலி."

நாலு வருஷ எகனாமிக்ஸ் ரெண்டு வரியில!

ஆனா பாக்கெட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தப் பளபள பாக்கெட் பல அடுக்கு. பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக், சிலதுல நடுவுல அலுமினியம். அடுக்கைப் பிரிச்சு மறுசுழற்சி பண்றது ரொம்பக் கஷ்டம். ஷாம்பூ ரெண்டு நிமிஷத்துல தீந்துடும், பாக்கெட் வாய்க்கால்லயே குடும்பம் நடத்தும். 2019 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுல ஒரு தடவை தூக்கி எறியற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தப்போ, அந்த லிஸ்ட்ல தண்ணி பாக்கெட்டும் இருந்துச்சு. 'பாக்கெட் சாராயம்'ங்கற வார்த்தையும் நம்ம பாஷைலதான் இருக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல உயிரைக் குடிச்ச விஷச் சாராயம் பாக்கெட்லதான் கை மாறுச்சு. சின்னதா இருக்கறதால ஏழை கைக்கு எட்டுது. ஷாம்பூவும் எட்டும், விஷமும் எட்டும்.

வேல்ஸ்காரர் தேடின வார்த்தை

சரி, இந்தக் குட்டி மூட்டை எப்படி கம்ப்யூட்டருக்குள்ள போச்சு?

1960-கள். டெலிபோன்ல ஒருத்தர் பேசினா, பேசி முடிக்கற வரைக்கும் ஒரு முழு லைன் அவருக்கே சொந்தம். நடுவுல மௌனமா இருந்தாலும் லைன் பிஸி. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசறது விட்டு விட்டுத்தான். அதுக்குப் போய் முழு லைனையும் பிடிச்சு வச்சா வேஸ்ட் இல்லையா? அதனால செய்தியைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டு மேலயும் விலாசம் எழுதி, கிடைச்ச பாதையில அனுப்பி, அந்தப் பக்கம் ஒட்டிக்கலாம்னு ஒரு ஐடியா. அமெரிக்காவுல ரேண்ட் கார்ப்பரேஷன்ல இருந்த பால் பாரன் இதை யோசிச்சு 1964-ல விரிவா எழுதி வெளியிட்டார். துண்டுக்கு அவர் வச்ச பேரு 'மெசேஜ் பிளாக்'. அதே யோசனை 1965-ல பிரிட்டன்ல, நேஷனல் பிசிகல் லேபரட்டரில இருந்த டொனால்ட் டேவிஸுக்கும் தனியா வந்துச்சு. இவர் வேல்ஸ்ல பொறந்தவர்.

டேவிஸ் ஒரு காரியம் பண்ணினார் பாருங்க. அந்தத் துண்டுக்கு ஒரு நல்ல பேர் வேணும்னு தேடி, 'பாக்கெட்'னு வச்சார். குட்டி மூட்டைங்கற அதே அர்த்தத்துலதான். வைக்கறதுக்கு முன்னாடி அவர் லேப்ல இருந்த மொழி ஆராய்ச்சிக்காரங்ககிட்ட கேட்டிருக்கார்: 'இந்த வார்த்தைக்கு மத்த பாஷைகள்ல சொந்தக்காரங்க உண்டா?'ன்னு. உண்டுன்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் முடிவு பண்ணியிருக்கார்.

இதைப் படிச்சப்போ லைப்ரரில அப்படியே உக்காந்துட்டேன். தன் பாஷை பேசாதவங்க வாயிலயும் இது நுழையணுமேன்னு கவலைப்பட்டு ஒருத்தர் தேர்ந்தெடுத்த வார்த்தை இது. அதைச் சரியா உச்சரிக்கலைன்னு நான் மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன்!

அம்மா எடுத்த வைவா

லேப் எக்ஸாமுக்கு முன்னாடி ஸ்டடி லீவ். ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கடைல உக்காந்து நோட்டைப் புரட்டிட்டு இருந்தப்போ அம்மா கேட்டாங்க: "என்னடா, வாய்க்குள்ளயே பாக்கெட்டு பாக்கெட்டுன்னு முணங்கற?"

சும்மா சொல்லிப் பாக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். "அம்மா, அக்காவுக்கு நீ போன்ல போட்டோ அனுப்பறல்ல? அது முழுசா போறதில்ல. 3 எம்.பி. போட்டோன்னா சுமார் 2,000 பாக்கெட்டா பிரிஞ்சுதான் போகும். ஒரு பாக்கெட்ல பொதுவா 1,500 பைட்டுதான் கொள்ளும்."

"சிப்பத்தைப் பிரிச்சு கால் கிலோ, அரை கிலோன்னு கட்டற மாதிரி."

"அதேதான்! ஒவ்வொரு பாக்கெட் மேலயும் எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு எழுதியிருக்கும். அதுக்குப் பேரு ஹெட்டர். பால் பாக்கெட்ல நீலம்னா 3 சதவீதக் கொழுப்பு, பச்சைன்னா நாலரை, ஆரஞ்சுன்னா 6-னு வெளியில பாத்தே சொல்றல்ல, அந்த மாதிரி. பிரிக்காமலே தெரிஞ்சுடும்."

அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "எல்லாம் ஒரே வழியா போகுமா?"

"இல்ல, ஆளுக்கொரு வழியா கூட போகலாம்."

"அப்போ பின்னாடி கிளம்பினது முன்னாடி போய்ச் சேந்துட்டா?"

"நம்பர் போட்டிருக்கும்மா. அந்தப் பக்கம் வரிசையா அடுக்கிக்கும்."

"வழியில ஒண்ணு தொலைஞ்சா?"

"வந்து சேந்துச்சுன்னு அந்தப் பக்கத்துல இருந்து தகவல் வரணும். வரலைன்னா திரும்ப அனுப்பும். வீடியோ கால்ல மட்டும் பெரும்பாலும் திரும்ப அனுப்ப நேரம் இருக்காது. அதனாலதான் அக்கா முகம் கட்டம் கட்டமா ஆகுது."

"சரி, போற வழி தெரியாம ரோட்டுலயே சுத்திக்கிட்டு இருந்துச்சுன்னா? காலம் பூரா சுத்துமா?"

நான் நோட்டை மூடிட்டேன். இது எங்க சிலபஸ்ல இருக்கற கேள்வி! "இல்லம்மா. கிளம்பும்போதே 64-ன்னு ஒரு எண் போட்டு விட்டுட்டா, வழியில ஒவ்வொரு ரூட்டரும் ஒண்ணைக் குறைச்சுக்கிட்டே வரும். பூஜ்யம் ஆச்சுன்னா தூக்கிப் போட்டுடும். அதுக்கு டி.டி.எல்.னு பேரு."

"ம்... காலாவதி தேதி"ன்னு சொல்லிட்டு, எழுந்து ஒரு பாட்டிக்கு ஷாம்பூ பிச்சுக் குடுக்கப் போயிட்டாங்க.

வரிசை எண், மறு அனுப்பல், டி.டி.எல். மூணு முக்கியமான கேள்வி. மூணையும் நெட்வொர்க்ஸ்னா என்னன்னே தெரியாத ஒருத்தங்க தானா கேட்டாங்க. ஒரு தடவை கூட உச்சரிப்பு சரியில்லைன்னு சொல்லல. ஏன்னா அவங்களும் அதே பாக்கெட்தான். இருபது வருஷமா அந்த வார்த்தையாலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது.

அடுத்த வாரம் வைவா. எக்ஸ்டர்னல் நிமிர்ந்து கூட பாக்காம கேட்டார்: "பாக்கெட்னா என்ன?"

சொன்னேன். எனக்கு வர்ற பாக்கெட்டைத்தான் சொன்னேன், ஆனா சத்தமா. குட்டி மூட்டைல ஆரம்பிச்சு, ஹெட்டர், வரிசை எண்ணுனு போனேன். அவர் சிரிக்கல. "வழியில தொலைஞ்சா?"ன்னார். அப்புறம் "டி.டி.எல்.?"ன்னார். அம்மா கேட்ட மூணுல ரெண்டு! வெளியில வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "உன் கொஸ்டின் பேப்பர் லீக் ஆயிடுச்சும்மா"ன்னேன்.

தியரி எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ரூம் கதவு தட்டற சத்தம். திறந்தா நம்ம கடைசி பெஞ்ச் 'சட்டை பாக்கெட்' பார்ட்டி. "மச்சி, அந்த ஸ்விட்சிங் மேட்டரை ஒரு தடவை சொல்லிக் குடேன்." உக்கார வச்சு விடிய விடிய சொல்லிக் குடுத்தேன். பாக்கெட், பாக்கெட்னு குறைஞ்சது நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவை கூட அவன் கலாய்க்கல. ரெண்டு பேரும் சேந்து அவன் கொண்டு வந்த பிஸ்கெட் பாக்கெட்டைக் காலி பண்ணினோம்.

உங்க கிளாஸ்லயும் என்னை மாதிரி யாராவது ஒரு வார்த்தைக்குப் பயந்து டவுட்டை முழுங்கிட்டு உக்காந்திருப்பாங்க. சிரிக்கறதுக்கு முன்னாடி அவங்க சொல்ல வந்த மேட்டர் வந்து சேந்துச்சான்னு பாருங்க. நெட்வொர்க்ல கூட அதைத்தானே பாக்கறாங்க? லேப்ல போய் பிங் கமாண்ட் அடிச்சுப் பாருங்களேன். அனுப்பினது 4, வந்தது 4, தொலைஞ்சது 0. உச்சரிப்புக்கு அதுல தனி காலமே கிடையாது!

உங்க ஊர்ல பாக்கெட்டுக்கு என்ன பேரு? பொட்டலமா, பொட்டணமா, சிப்பமா, வேற ஏதாவதா? எழுதி அனுப்புங்க. அடுத்த வார வார்த்தை: பார்சல். சாம்பார் ரெண்டு பாக்கெட் எக்ஸ்ட்ராவா கட்டச் சொல்லிட்டு வெயிட் பண்ணுங்க!